தெல்தோட்டைக்குப் போன வெக்யூம் கிளீனர்

ராத்தா,

இன்று காலை ஒருவர் பழைய மிக்சி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். திறந்ததும் கருகிய மோட்டரின் வாசம் முகத்தில் அடித்தது. அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். நீங்கள் மௌத்தாகி, அக்கா இல்லாத நம் ரிப்பேர் கடையில் நான் தனியாகி எட்டு மாதம். இன்னும் அந்த வாசம் வந்தால் எனக்கு முத்தையா அண்ணனின் வெக்யூம் கிளீனர்தான் ஞாபகம் வரும்.

தெல்தோட்டை எஸ்டேட் பங்களாவைப் பார்த்துக்கொள்பவர் அவர். மெஷினைச் சாக்கில் சுற்றி, மடவளையில் நம் கடைக்குத் தூக்கி வந்தார். எஸ்டேட் துரையின் மறைந்த தாயார் பாவித்தது. துப்புரவு செய்யும்போது முத்தையா அண்ணனின் கை தவறி விழுந்திருந்தது. ஒரு வாரமாக நீங்கள் துருவைச் சுரண்டினீர்கள், கிழிந்த தூசிப் பைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று தைத்தீர்கள், கருகிக் கிடந்த மோட்டரையும் ஓட வைத்தீர்கள். அவர் வந்தபோதுதான் கையை விரித்தீர்கள்.

“உள் வயரெல்லாம் உக்கிப் போய் ஈக்கி. மாத்தாமக் குடுக்க ஏலா.”

“நாளைக்குத் துரை வந்துருவாருங்கம்மா. ஒடச்சது தெரிஞ்சா என் வேலை போயிரும். குடியிருக்கிற வீட்டையும் விடணும்.”

நீங்கள் லுஹர் தொழ உள்ளே போனீர்கள். அவர் போகாமல் நின்றார். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. நிறுத்தப் போனபோது விரலில் சுரீரென்று கரண்ட் ஏறியது. சின்னதுதானே என்று நினைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

“மெஷின் எங்க?” என்று நீங்கள் கேட்டதும், நான் சொன்னதும், உங்கள் முகம் வெளிறியதும் ஒரு நொடிக்குள். முத்தையா அண்ணன் போன் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினோம். வழி நெடுக நீங்கள் அவர் நம்பரையே திரும்பத் திரும்ப அடித்தீர்கள். மலைவளைவுகளில் எப்போதும் “மெல்லப் போங்க” என்பவர், அன்று, “இன்னம் வெரசாப் போங்க” என்றீர்கள்.

பங்களா வரவேற்பறையின் சீமெந்துத் தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. முத்தையா அண்ணனின் மனைவி வெறுங்காலோடு மெஷினை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார். பிளக் ஏற்கெனவே சுவரில்.

“அக்கா, தொடாதீங்க!”

அப்படி ஒரு குரல் உங்களிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. அவரை விலக்கி நிறுத்திவிட்டு மெஷினின் உடம்பில் டெஸ்டரை வைத்தீர்கள். டெஸ்டரின் விளக்கு சிவப்பாக எரிந்தது; மெஷின் முழுக்கக் கரண்ட். “ஆத்தாடி” என்று அந்த அக்கா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முத்தையா அண்ணன் உங்கள் முன் கைகூப்பினார். நீங்கள் அவரிடம், “வயர் மோசம்ண்டு சொன்னேன், ஷாக் அடிக்கும்ண்டு வெளங்கச் சொல்லல்ல. பிழை என்னோடதுதான்” என்றீர்கள். அங்கேயே நின்று துரைக்குக் கோல் எடுத்து, விழுந்ததையும் இன்னும் வேலை முடியாததையும் சொன்னீர்கள். “அம்மாவோட சாமான். மெதுவாச் செய்ங்க” என்றாராம். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்துதான் ஓர் உயிரைப் பணயம் வைத்திருந்தோம். அடுத்த வாரம் வயர் முழுவதும் மாற்றி நீங்களே கொண்டுபோய் ஓட்டிக் காட்டினீர்கள்.

ஆனால் அன்று திரும்பும் வழியில் ஒன்று கேட்டீர்கள்.

“மெஷின்ல கரண்ட் அடிக்கும்ண்டு ஒனக்குத் தெரியுமா புள்ள?”

“இல்ல ராத்தா.”

நம்பினீர்கள். என் தலையைத் தடவிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் உண்மை வாய்வரை வந்து திரும்பிப் போனது.

எனக்குத் தெரியும், ராத்தா. தெரிந்துதான் கொடுத்தேன்.