மூன்றாவது கேள்வி

நவம்பர் 3, திங்கள்

சிதம்பரத்திலிருந்து தம்பி அருண்குமார் தன் பழைய கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டான். உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துவிட்டானாம், இனி புதிதாக ஆரம்பிக்க வேண்டும். தையல் மிஷின் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்தார். "ஞாயித்துக்கிழம நானே என் நம்பர் போட்டு ரெடி பண்ணித் தரேன். நீ கைய வைக்காத."

என் போனையும் இவர்தான் ரெடி பண்ணித் தந்தார்.

நவம்பர் 4

எனக்கு வரும் மெயிலெல்லாம் இவர் போனிலும் விழும். ஜூனில் சிதம்பரத்துப் பள்ளி ஒன்று டீச்சர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டது. நான் பார்க்கும் முன்பே என் பெயரில் பதில் போயிருந்தது: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இயலவில்லை.' கேட்டால், "உனக்கு எதுக்கு அலைச்சல்னுதான்" என்கிறார். என்ன கரிசனம்!

இந்தத் தடவை விண்ணப்பத்தை நானே கம்ப்யூட்டரில் அடித்துத் தபாலில் அனுப்புவேன். இவர் கண் படக் கூடாது.

நவம்பர் 5

இவர் டூட்டிக்குப் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டேன். மெயில் கேட்கிறது, நம்பர் கேட்கிறது. என் மெயிலைக் கொடுத்தால் உடனே இவர் போனில் விழும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு பொத்தான் கிடையாது. பின்னால் போனாலும் அதே பக்கம் — இதுக்குள்ள நுழையவும் இவரைத்தான் கேக்கணுமா? அழுகையா வருது.

நவம்பர் 6

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 7

கூடப் படித்த இசைவாணி மேல்பட்டாம்பாக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "மொதல்ல நெட் வயரப் புடுங்குடி. அப்புறம் ஷிஃப்டையும் F10-ஐயும் சேத்து அமுக்கு, கறுப்பா ஒரு பெட்டி தெறக்கும், அதுல நான் சொல்றத எழுத்தெழுத்தா அடி. டபுள் ஓ…"

அடித்தேன். ஏற்கவில்லை. எத்தனை தடவை! கடைசியில்தான் தெரிந்தது, போன் நம்பர் ஞாபகத்தில் இரண்டு பூஜ்யம் அடித்திருக்கிறேன். "எழுத்து ஓ-டி, லூசு!" இருவரும் சிரித்தோம்.

'என்னிடம் இணையம் இல்லை' என்று ஒரு வரி முளைத்தது. நம்பரே கேட்காமல் உள்ளே விட்டது. பாஸ்வேர்டு ஒன்று போடச் சொன்னது, அது மறந்தால் சொல்ல மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டது. உண்மையையே எழுதினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

"யாரக் கேட்டு இதுல கைய வச்ச? பாஸ்வேர்டு என்னா?"

"அவசரத்துல ஏதோ போட்டேன், ஞாபகம் இல்ல."

விடவில்லை. பாஸ்வேர்டை மாற்றப் போனார். பிறந்த ஊர் கேட்டது, சிதம்பரம் என்று அடித்தார். முதலில் படித்த பள்ளி, அதுவும் அவருக்குத் தெரியும். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"சின்ன வயசுல உன்ன வீட்ல எப்புடிக் கூப்புடுவாங்க?"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இன்றைக்குத்தான் கேட்கிறார்.

குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.