கூழாகிப்போன கறி

11-6-95, ஞாயிறு. மைசூர்.

மண்ணில் இருக்கும் நொதிகள் புரதத்தை எவ்வளவு வேகமாகக் கரைக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் தினமும் அளக்கிறவள் நான். பப்பாளிக்காய்ப் பாலிலும் அப்படியொரு நொதி உண்டு. கறி மெத்தென்று வேக அரைமணி ஊறினாலே போதும். தெரிந்தும், நேற்று கொல்லை மரத்துப் பப்பாளிக்காயை அரைத்துக் கறியில் பிசறிவிட்டு மறந்தே தூங்கிவிட்டேன்.

இன்று குக்கரைத் திறந்தால் ஒரு துண்டுகூட முழுசாக இல்லை.

"இது கறியா, கஞ்சியா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டியது.

பல் எல்லாம் எடுத்தபிறகு ரசஞ்சோற்றைத் தவிர எதையும் தொடாத மாமனார், வாசனை பிடித்து வந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறையும் தட்டை நீட்டினார்.

"சென்னாகிதெ! ரொம்ப நல்லாயிருக்கு! அடுத்த வாரமும் இப்படியே கெடுத்து வைம்மா."

நாளைக்குக் கொல்லையில் அந்தப் பப்பாளி மரத்துக்கு இன்னொரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.