செவ்வந்தி என்று நீ சொன்ன செடி

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முட்டி வலி என்னைவிட நன்றாக இருக்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

போன மாதம் வீடியோவில் வாசலைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். காம்பவுண்டுச் சுவர் ஓரம் மூன்று செடியும் இலை உதிர்த்துக் குச்சியாக நின்றதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே தங்கைக்குப் போன் போட்டு, "அம்மாவால ஒரு செவ்வந்திச் செடியைக்கூடக் காப்பாத்த முடியல, இனிமே தனியா விடக் கூடாது, வீட்டைப் பூட்டிட்டு ஹோம்ல சேத்துடலாம்" என்று சொன்னாயாம். அவள் வாயில் எது தங்கியது, அப்படியே என்னிடம் கொட்டிவிட்டாள்.

அது செவ்வந்தி என்று உனக்கு யார் சொன்னது. முன்பு நான் அனுப்பிய படத்தில் மஞ்சள் பூவைப் பார்த்தாய், முடிவு கட்டிவிட்டாய். படித்த பிள்ளை, இலையையும் பார்க்க வேண்டாமா. செவ்வந்தியும் இந்தச் செடியும் ஒரே குடும்பம்தான், சூரியகாந்தியும் அதே குடும்பம்தான், ஒரு பூ போலத் தெரிவது நெருக்கியடித்து நிற்கும் ஒரு கூட்டம் சின்னப் பூக்கள். ஒரே குடும்பம் என்றால் குணமும் ஒன்றாகிவிடுமா, உன்னையும் உன் தங்கையையும் பெற்ற எனக்குத் தெரியாதா. செவ்வந்தி இலை பச்சையாக, ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும். இதன் இலை சாம்பல் பூத்த வெள்ளை, தடவினால் கம்பளி போல மெத்தென்றிருக்கும். பூ இலைக்கு மேலே நீளக் காம்பில் தனியாக நிற்கும், குச்சியை ஒடித்தால் பிசின் கசியும். பெயர் தெரியாததால் வெள்ளியிலை என்று கூப்பிட்டேன். நான் வேலை பார்த்த பம்ப் ஹவுஸ் வேலி ஓரம், ஜல்லி மண்ணில், யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்த செடியின் விதை அது. வேர் பிடிக்கும் வரைதான் தண்ணீர், அப்புறம் சும்மா விட வேண்டும். வெயில் முற்றினால் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், மழை பெய்தால் துளிர்க்கும். செத்ததா என்று தெரிய வேண்டுமானால் பட்டையை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கடல் தாண்டி உட்கார்ந்து போனில் பார்த்து மரணச் சான்றிதழ் எழுத மாட்டார்கள்.

அந்த வீடியோவுக்கு அப்புறம் முட்டிக்காக நான் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது, உன் பேச்சைக் கேட்டு மாப்பிள்ளை தினமும் ஹோஸைத் திறந்துவிட்டிருக்கிறார், எருவும் போட்டிருக்கிறார். திரும்பி வந்து தொட்டேன், வேர் அழுகி மூன்றும் கையோடு வந்துவிட்டன. "மச்சான்தான் சொன்னாரு அத்தே, நான் ஊத்தினேன்" என்று தலையைச் சொறிந்தார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன், அவரை ஒன்றும் சொல்லவில்லை.

தெருத்தெருவாக வால்வைத் திருகித் தண்ணீர் விட்டுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். எப்போது ஊற்றக் கூடாது என்பதும் இந்தக் கைக்குத் தெரியும். செடிக்காக அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. உயிரோடு இருந்ததைச் செத்தது என்றாய், காப்பாற்றுகிறேன் என்று கொன்றாய், இப்போது அதையே சாக்காக வைத்து என்னை என் வீட்டிலிருந்து கிளப்பப் பார்க்கிறாய். அது நடக்காது.

நேற்று அந்த ஹோமிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, "உங்க பையன் ரூம் புக் பண்ணிட்டாரு, எப்பம்மா வரீங்க" என்று தேனொழுகக் கேட்டாள். "புக் பண்ணவன் பேர்லயே இருக்கட்டும், வயசானதும் அவனே வருவான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உனக்கும் என் ஆசி உண்டு, அதில் கோபத்தைக் கலக்க மாட்டேன். பல் வலி என்றாயே, டாக்டரைப் போய்ப் பார், தள்ளிப்போடாதே. ஊருக்கு வந்தால் தங்கையிடம் சாவி கேட்டு அலையாதே, பூட்டை மாற்றிவிட்டேன். பெல்லை அடி, நான்தான் வந்து திறப்பேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அம்மா