டிவியில் சத்தம் போன அரை நிமிடம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் சுகமாக இருக்க வேண்டும், போனில் இருமியதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. சொன்னதைச் செய்து கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

டிவிக்கு எடுத்த அந்தப் போர்ப் படத்தின் முதல் பாகத்துக்கு நான் செய்த பூட்ஸ் சத்தத்தையும் வெடிச் சத்தத்தையும் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டாம் பாகத்திலும் அதையே எதிர்பார்த்து டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சிப்பாயின் பக்கத்தில் குண்டு வெடித்து அவனுக்குக் காது போய்விடுகிறது, பின்னாலிருந்து கூட்டாளி கூப்பிடுகிறான், வாய் அசைவதுதான் தெரிகிறது, இவன் திரும்பாமலே நடக்கிறான். அந்த அரை நிமிடத்துக்கு நான் ஒரு சத்தமும் வைக்கவில்லை. ஊரே டிவி ரிப்பேர் என்று நினைத்துவிட்டது. எதிர்வீட்டு டெய்லர் எழுந்துபோய்ப் பெட்டியைத் தட்டினாராம். மறுநாள் என்னிடமே, "முக்கியமான கட்டத்துல சத்தம் போச்சும்மா, நான் நாலு தட்டு தட்டினதும் வந்துடுச்சு" என்று பெருமையாகச் சொல்கிறார். ஒரு பத்திரிகை, இரண்டாம் பாகம் ஊமைப்படம் என்று எழுதியது. சானல் மேனேஜர் கூப்பிட்டு, மறு ஒளிபரப்புக்குள் அந்த இடத்தில் முரசு சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் பாகம் எனக்கில்லை என்றார். சத்தமே வேண்டாம் என்று நான் சொன்னபோது சரியென்று தலையாட்டிய டைரக்டர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முரசு அடித்தால் காது போனவனின் நடை வீரநடையாகிவிடும் என்றேன். ஜனங்களுக்குப் புரியவில்லையே என்றார் மேனேஜர். "புரியாம இல்ல சார், பயந்துட்டாங்க. பயப்படட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேறு ஆளை வைத்து முரசு சேர்த்தார்கள், மூன்றாம் பாகமும் அவருக்கே போயிற்று. அந்தப் பிரதியில் என் பெயர் வேண்டாம் என்றேன், எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முணுமுணுத்த அப்பா, மறு ஒளிபரப்பில் அந்த இடம் வந்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார், கூட்டாளியின் வாய் மூடும்வரை திரும்பச் சத்தம் வைக்கவே இல்லை. எனக்கு அது போதும்.

முரசில்லாத பிரதியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நீயும்தான் பாதியில் போன் போட்டு, "அம்மா, சத்தம் வரல" என்றாய். இந்த முறை உட்கார்ந்து பார். நோய்நொடியில்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் நீ நன்றாக இரு. இருமல் மருந்தை மறக்காதே. அந்த இடம் வந்தால் எனக்குப் போன் போடாதே, அவன் நடந்து முடிக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா