செய்தியில் திரும்பி வந்த சகோதரி

டமாஸ்கஸ்,
1989, டிசம்பர் கடைசி நாள்.

அன்பு மகன் ஃபாயெஸுக்கு,

நான் நலம், என் காதுகளும் நலம். காதைத் தனியாகச் சொல்லக் காரணம் உன் அத்தை மத்தில்த். எனக்கு இல்லாத குரல்கள் கேட்பதாகவும், வானொலியோடு சண்டை போடுவதாகவும் நம் கடிதங்களைச் சைப்ரஸிலிருந்து கைமாற்றி அனுப்பும் உன் மாமா மூலம் உனக்கு எழுதிவிட்டேன் என்று அவளே வந்து சொன்னாள். தவறு. நான் சண்டை போட்டது மத்தில்தோடு. கேட்ட குரலும் எல்லா வீட்டிலும் கேட்ட குரல்தான், கவனித்தவள் நான் ஒருத்தி. நீயும் மர்சேலும் குழந்தையும் கெய்ரோவில் என்னைப் போலவே தெளிவான காதோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, மாலைச் செய்தி நேரம். நான் கிப்பேக்கு இறைச்சியும் கோதுமையும் பிசைந்துகொண்டிருந்தேன், மத்தில்த் கணப்பை ஒட்டி உட்கார்ந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். நம் செய்தியின் பேச்சுமுறை உனக்கு மறந்திருக்காது. உறவில் இருக்கும் அரபு நாடு என்றால் பெயருக்கு முன்னால் ‘சகோதரி’ வரும். உறவு முறிந்தால் அந்தச் சொல்லும் போய், நாட்டின் பெயரும் போய், தலைநகரின் பெயரோடு வெறும் ‘ஆட்சி’ ஆகிவிடும். நீ படிக்கப் போன வருஷத்து டிசம்பரில் எகிப்து நமக்குக் ‘கெய்ரோ ஆட்சி’ ஆனது. பிறகு பக்கத்து ஈராக்குக்கும் அதே கதி, அரபியே பேசாத ஈரான் ‘நண்பர்’ ஆகிவிட்டது. அன்று செய்தி வாசித்தவர், மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாக, ‘சகோதரி எகிப்து’ என்றார். என் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மத்தில்த் நிமிரக்கூட இல்லை. “நீ எதுக்கு ஏங்குறியோ அதுதான் உன் காதுல விழுது, அஃபீஃபா. தெருவுல போய் அந்த நாட்டுப் பேரைச் சொல்லிட்டு நிக்காதே” என்றாள். நான் மறுநாள் காலையிலேயே கடைக்கார அபூ நக்லேயிடம் சொன்னேன். அவர் எப்போதும்போல ஃபாயெஸின் அம்மா என்றே என்னை அழைத்து, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “உம் ஃபாயெஸ், பாவம் அந்த ஆளுக்கு நாக்கு தடுக்கியிருக்கும். இந்நேரம் வேற வேலை தேடிட்டு இருப்பான்” என்றார். “நாக்கு தடுக்கினா ஒரு எழுத்து கீழ விழும் அபூ நக்லே, முழுசா ஒரு சகோதரி மேல வந்து உட்கார மாட்டா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைப் பார்த்தா என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீ ஒருவரை ‘சகோதரி’ என்ற சொல் இல்லாமல் பெயரை மட்டும் சொல்லிவிட்டால், மதிய மணி அடிக்கும்வரை முழங்காலில் நிற்க வேண்டும். யாரும் கைதவறிச் சேர்க்கிற சொல்லா அது. சேர்க்கவும் எடுக்கவும் மேலிருந்து உத்தரவு வேண்டும். ஆகவே அன்று மாலை அதே ஆள் வாசிக்க வருகிறாரா என்று காத்திருந்தேன். வந்தார். அதே குரல், அதே சொல். உடனே எழுந்து போய் உன் அறைத் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். பண்டிகை முடிந்து இரண்டாம் நாள், இரு நாடுகளும் மறுபடி தூதரகம் திறக்கப்போவதாக அறிவித்தார்கள். அபூ நக்லே ஆரஞ்சுக் கூடையோடு படியேறி மூச்சு வாங்க வந்து, “இனிமே மழை வருமா வராதான்னும் நீங்களே சொல்லிடுங்க உம் ஃபாயெஸ்” என்றார். மத்தில்த் ஆரஞ்சை மட்டும் உரித்துத் தின்றாள்.

எனக்கு நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது மகனே. நீ பிறந்தபோது நம் நாடும் எகிப்தும் இணைந்து ஒரே நாடு, உன் பிறப்புச் சான்றிதழில் இருப்பதும் அந்த இணைந்த நாட்டின் பெயர்தான். பிறகு யாரோ முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஒரு மேசையில் ஒரு சொல்லை அடித்து நீக்கினார். பன்னிரண்டு வருஷம் நான் உன்னைப் பற்றி ‘அங்கே இருக்கிறான்’ என்று மட்டும் சொல்லி வந்தேன். உன் அப்பா நோயில் படுத்திருந்தபோதுகூட உன்னை அவர் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை. இப்போது இன்னொருவர் அதே சொல்லைத் திரும்ப எழுதியிருக்கிறார், வானத்தில் வழி திறந்துவிட்டது. ஜெபத்தில்கூட ஒரு சொல்லின் முன் நான் இப்படிக் கைகட்டி நின்றதில்லை. நம் பாதிரியாருக்கு இதை எழுதிவிடாதே.

வந்த சொல் மறுபடி போகவும் போகலாம், ஈராக்கைப் பார்த்தோமே. அதனால் புறப்பட்டு வருவதைத் தள்ளிப்போடாதே. குழந்தைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், இங்கே குளிர் உங்கள் ஊர்க் குளிர் இல்லை. மர்சேல் முலூகியா கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கூழாக்குவாளாம், நான் முழு இலையாகத்தான் சமைப்பேன். அடுப்பில் பாதியை அவளுக்கு விட்டுத்தருகிறேன், என்னிடம் இதைவிடப் பெரிய ஒப்பந்தம் எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை வருஷம், ஏன் மகன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு அரசுகளைக் காட்டினேன். இனி கேட்டால் உன்னைத்தான் காட்ட வேண்டும். கெஞ்சிப் பழக்கம் இல்லாதவள் நான், உனக்குத் தெரியும்.

தேவமாதா உங்கள் மூவரையும் தன் நிழலில் வைத்திருக்கட்டும். இந்த உறையின் மேல் இன்று முதல் தடவையாக மாமா பெயரை எழுதாமல், உன் பெயரையும், அதன் கீழே கெய்ரோ என்றும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மாமாவிடம் தொலைபேசியில் சொல்லி அனுப்பாதே. வருகிறாயா இல்லையா என்று உன் கையால் எழுதி, நேராக இந்த வீட்டு முகவரிக்கு அனுப்பு.

உன் அம்மா,
அஃபீஃபா