கூப்பிடாத களையெடுப்பு

ஆடி 9, வெள்ளி

புற்றுநோய்க்கு ஊசி போட்டு வந்ததிலிருந்து ஒரே அசதி. தினமும் கொஞ்சம் நடமாடினால் குறையும் என்றார் நர்சம்மா. பக்கத்துக் காட்டில் இன்று சாமைக்குக் களையெடுப்பு. அவர்கள் என் காட்டுக்கும் நான் அவர்கள் காட்டுக்கும் போவதுதான் வழக்கம். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. வெயில் தாழ்ந்ததும் நானாகவே களைக்கொத்தோடு போனேன்.

அந்தக் காட்டுக்காரி பழனியம்மா கொத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏனுங்கக்கா, நீங்க விழுந்தா உங்களத் தூக்கறதா, களை எடுக்கறதா? ஊட்டுக்குப் போய்ப் படுங்க."

"ஒரு வரிசை மட்டும், கண்ணு."

"அதையும் நாங்களே எடுத்துக்கறமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மாதம் சாகும்வரை என் வீட்டுக்காரர்தான் தினமும் கையைப் பிடித்து எழுப்பி, மிளகுக்கொடி வரை நடத்திக்கொண்டு போவார். இப்போது படுக்கச் சொல்ல ஊரே இருக்கிறது. எழுப்பத்தான் ஆளில்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே சுற்றுவழியில் வந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். வீடு சேர இருட்டிவிட்டது. யாரும் தேடவில்லை.