லயத்துக் கால்வாயில் இறங்கிய முனியாண்டி

லூனாஸ் தோட்டத்து லயம்,
ஆடி மாதம், 1943

அன்பு மகன் அழகேசனுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை நவமணி எழுதுவது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், சயாமில் ரயில் பாதை போடும் இடத்தில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. (சுகம் என்றுதான் எழுதப் போனேன் அண்ணா, பொய் எழுதாதே என்று குட்டு விழுந்தது.)

மூன்று வேளையும் மரவள்ளிதான், கிழங்கு தின்றே கிழமாகிவிட்டேன் என்கிறாள் இதை எழுதும் இவள். உன் தம்பி முருகையாவுக்குக் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, கொயினா மாத்திரை கிடையாது, காய்ச்ச அரிசியில்லாத வீட்டில் காய்ச்சலுக்கு மட்டும் குறைவில்லை என்றும் சிரிக்கிறாள், எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்தபோது லயத்துக் கால்வாயில் வாராவாரம் கொசு எண்ணெய் ஊற்றுவார்கள், புழுவும் சாகும், மீனும் சாகும். எண்ணெய் நின்றதும் கொசு வந்தது, பின்னாலேயே செப்பாட் மீனும் வந்தது. பசித்த சனம் விடுமா, பக்கத்து வீட்டுப் பழனியாண்டி மாமா கொசுவலையைக் கிழித்து மீன் அரித்தார், எல்லாரும் அரித்தார்கள், நானும் குழம்பு வைத்தேன். பிறகு துணி துவைக்கையில் பார்க்கிறேன், மீன் போன இடமெல்லாம் கொசுப்புழு நெளிகிறது, வலை எட்டாத பாலத்தடியில் மீன் இருக்கிறது, ஒரு புழு இல்லை. எண்ணெயின் வேலையை மீன் பார்த்திருக்கிறது, அதை நாம் தின்றோம், கொசு நம்மைத் தின்கிறது.

மாமாவிடம் சொன்னேன். என்னா தங்கச்சி, மீனு கொசுவப் பாத்துக்கும்லா, எம் புள்ளைங்க வயித்த யாரு பாத்துக்குவா என்றார். மறுநாள் விடிந்தால் கால்வாயோரம் மஞ்சள் பூசிய ஒரு செங்கல், வேப்பிலை செருகியிருக்கிறது, முனியாண்டி இறங்கிவிட்டார் என்று லயமெல்லாம் பேச்சு. சாமி இருக்கும் தண்ணீரில் யார் வலை போடுவார்கள்? அது நம் அடுப்புக்கல், பார்த்ததுமே தெரிந்தது. (அடுப்பில்தான் அதற்கு வேலை இல்லையே அண்ணா.) சாமியோடு விளையாடுகிறாயா என்று இவள் முதுகில் ஒன்று வைத்தேன், ஆனால் கல்லை எடுக்கவில்லை. மாமாவின் பிள்ளைகளும் காய்ச்சலில் விழுந்தபோது அவரே பாலத்தடி மீனைச் சிரட்டையில் அள்ளி வந்து, முனியாண்டிக்கு நேர்ந்து கால்வாயில் விட்டார். இப்போது மீன் கொழுத்து நிற்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே கிழங்கை விழுங்குகிறோம். முருகையாவுக்கு இந்த வாரம் காய்ச்சல் ஒரு தடவையோடு விட்டது.

நீ படுக்கும் இடத்தருகே தண்ணீர் நின்றால் எட்டிப் பார், மீன் இருந்தால் பிடிக்காதே. பசி தாங்காவிட்டால் பிடித்துத் தின்றுவிடு ராசா, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நாளை பழனியாண்டி மாமாவையும் சயாமுக்கு ஏற்றுகிறார்கள். இந்தக் கடிதம் அவர் மடியில்தான் வருகிறது, அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கல் வைத்தது யார் என்று மறந்தும் சொல்லிவிடாதே. என் புள்ளைங்கள முனியாண்டி பாத்துக்குவாரு என்று சொல்லித்தான் கிளம்புகிறார்.

(தினமும் கல்லுக்குப் பூ வைப்பது நான்தான் அண்ணா. இப்போது விளையாட்டுக்கு இல்லை.)

போன கால் திரும்பி வர வாழ்த்தும்
உன் அம்மா பிச்சையம்மாள்